நீலக் கைக்குட்டையும் நாகரிகப் பாராமுகமும்

தாம்பரத்திலிருந்தே கிளம்பி பீச் வரை போகும் காலை வண்டி. பெண்கள் பெட்டி. வண்டி நடைமேடைக்கு வந்ததுமே ஏறி, ஜன்னலோரத்தில் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறார் ஓர் அம்மாள். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, மடியில் ஒரு மஞ்சள் பை.

கிளம்பும் நேரத்தில், தினமும் எங்களோடு வரும் சரண்யா ஏறுகிறாள். ஏழு மாத வயிறு. அவள் உள்ளே கால் வைத்ததும் அந்த அம்மாள் எழுந்துகொள்கிறார். இடுப்பில் செருகியிருந்த நீலக் கைக்குட்டையை எடுத்து, உட்கார்ந்திருந்த இடத்தை ஒரு தடவை துடைக்கிறார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் போய்க் கதவோரம் நின்றுகொள்கிறார்.

சரண்யாவும் அவரைப் பார்க்காமல் வந்து அந்த இடத்தில் உட்கார்கிறாள். ஒரு தேங்க்ஸ் கிடையாது, ஒரு சிரிப்பு கிடையாது.

ஒருநாள் நடந்தால் நல்ல மனசு என்று விட்டுவிடலாம். இது தினமும் நடந்தது. சமூகவியல் பாடம் எடுத்தே தலை நரைத்துப்போன எனக்கு அது மண்டையைக் குடைந்தது.

பார்த்தும் பார்க்காமல்

போன வாரம் இந்தப் பத்தியில் என் முதல் வகுப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "இத்தனை வருஷம் கோட்பாடு கோட்பாடு என்று பாடம் நடத்தினீர்களே, அன்றாட வாழ்க்கைக்கு அதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?" நியாயமான கேள்விதான். என் கணவர் இதே கேள்வியைக் கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் சேர்த்து இந்த வாரம் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் பாடத்தில் ஒரு கருத்து உண்டு. முன்பின் தெரியாத இருவர் பொது இடத்தில் எதிர்ப்படும்போது ஒரு கணம் பார்த்துக்கொள்வார்கள். 'நீ இருப்பதைக் கவனித்தேன், என்னால் உனக்குத் தொந்தரவில்லை' என்று சொல்வதுபோல உடனே பார்வையை விலக்கிக்கொள்வார்கள். லிஃப்டில் ஏறியதும் எல்லோரும் மேலே மாறும் எண்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, அதுதான். பெரிய நகரங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நிம்மதியாக நடமாட முடிவது இந்தச் சின்ன மரியாதையால்தான் என்பார்கள்.

இதற்கு நான் வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர் 'நாகரிகப் பாராமுகம்'. சொந்த மொழிபெயர்ப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதன்முதலில் வகுப்பில் இதை விளக்கியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், எங்க ட்ரெயின்ல எல்லாம் யாரும் இப்படிக் கண்ணைத் திருப்பிக்க மாட்டாங்க மேடம். ஏறினதும் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பார்ப்பாங்க. 'எங்க எறங்குவே?'ன்னு கேப்பாங்க. பல்லாவரம் வர்றதுக்குள்ள என்ன சம்பளம், கல்யாணம் ஆச்சா, ஏன் ஆகலை, எல்லாத்தையும் கேட்டு முடிச்சிருப்பாங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அன்று மாலை வீடு திரும்பும்போது கவனித்தேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மா என் செருப்பு எங்கே வாங்கியது என்று கேட்டு, கையில் எடுத்தே பார்த்தார்.

'எங்கே இறங்குவீர்கள்' என்பது வெறும் வம்பு விசாரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நின்றுகொண்டு வருகிறவர் அதைக் கேட்டு, நீங்களும் "மாம்பலம்" என்று சொல்லிவிட்டால், மாம்பலத்தில் அந்த இடம் அவருக்கு எழுதி வைத்தாயிற்று. நடுவில் வேறு யாராவது புகுந்தால் பெட்டியே சண்டைக்கு வரும். சொத்துரிமை எப்படி உண்டாகிறது என்பதை நான் புத்தகத்தைவிட இந்த வண்டியில்தான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

மேடைக்கும் மேடைக்கும் நடுவில்

எங்கள் பெட்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாடக மேடையை வைத்து ஒரு கோட்பாடு உண்டு. எல்லோரும் பிறர் முன்னால் ஒரு வேஷம் கட்டுகிறோம், திரைக்குப் பின்னால்தான் வேஷத்தைத் தளர்த்திக்கொள்கிறோம் என்பது அது. வீடு என்பது திரைக்குப் பின்னால் என்று புத்தகம் சொல்லும். எழுதியவர் விடியலில் எழுந்து இட்லிப் பானை வைத்ததில்லை என்று நினைக்கிறேன். எங்கள் பெட்டியில் வருகிற பெண்களுக்கு வீடும் மேடை, ஆபீசும் மேடை. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த திரைமறைவு இந்த ரயில் பெட்டி ஒன்றுதான்.

அங்கேதான் ஈரத்தலையைச் சிக்கெடுப்பார்கள். புடவை மடிப்புக்கு ஊக்கு குத்திக்கொள்வார்கள். முளைக்கீரையை மடியில் போட்டு ஆய்வார்கள். மாமியாரை மனசாரத் திட்டுவார்கள், அழுவார்கள், முகம் துடைத்துப் பவுடர் போட்டுக்கொண்டு இறங்கிப் போவார்கள். மல்லிகையும் எலுமிச்சைச் சாதமும் தலைவலித் தைலமும் கலந்த அந்த வாசனை இப்போதும் எனக்குப் பிடிக்கும். செம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் குலுங்கி வந்த எரிச்சல் எல்லாம் அந்தப் பெட்டியில் ஏறியதும் போய்விடும்.

அந்தப் பெட்டிக்கு ஒரு தலைவி உண்டு. விஜயா. முடிச்சூர் ரோட்டில் வீடு, பிறந்து வளர்ந்தது சைதாப்பேட்டை, வேலை அரசு அலுவலகம் ஒன்றில். குரல் கேட்டால் கார்டே கொடியை இறக்கிவிடுவார். எனக்குத் 'தியரி மேடம்' என்று பெயர் வைத்தது அவர்தான். எதை நான் உற்றுப் பார்த்தாலும், "இன்னா மேடம், இதுக்கும் ஒரு தியரி கீதா?" என்பார். பெரும்பாலும் இருக்கும்.

கைரேகை

நீலக் கைக்குட்டை அம்மாளைப் பற்றி விஜயாவிடம்தான் முதலில் சொன்னேன்.

நான் அடுக்கிய காரணங்கள் இவை. எல்லோரும் எல்லோரையும் பார்க்கிற இந்தப் பெட்டியில் அவர் மட்டும் யாரையும் பார்ப்பதில்லை. யாரிடமும் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்பதில்லை. கையில் சாப்பாட்டுப் பை இல்லை, அப்படியானால் வேலைக்குப் போகிறவர் இல்லை. முந்தி வந்து பிடித்த ஜன்னலோரத்தை விட்டுவிட்டுக் கதவருகே போய் நிற்கிறார்.

"நம்ம ஊர்ல பாராமுகம் கிடையாது விஜயா. அப்படியும் ஒருத்தர் பார்க்காம இருக்கார்னா, பார்க்கலைன்னு காட்டிக்கறார்னு அர்த்தம். யார்மேலயோ குறி இருக்கு" என்றேன். சொன்னபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. பாடம் நடத்தியதற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்ததாகத் தோன்றியது.

விஜயா கண்ணை அகல விரித்தார். "அப்போ திருடிதான் மேடம்! கதவாண்ட நின்னுகினா சங்கிலிய அத்துகினு எறங்கி ஓடலாம்ல? ஐயே, சீட்ட வேற தொடைக்குது பாரு. கைரேகையக்கூட உட்டுட்டுப் போவாதாட்டம் கீது!"

அந்தக் கைரேகை விஷயம் எனக்குத் தோன்றவில்லையே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. விஜயா அன்றே தாலிச் சங்கிலியை ரவிக்கையோடு சேர்த்து ஊக்கு குத்திக்கொண்டார். மறுநாள் பெட்டியில் பாதிப் பேர் கழுத்தில் ஊக்கு.

இரண்டு மூன்று நாள் கழித்துச் சரண்யாவை எச்சரிப்பது என்று முடிவானது. அவள்தானே அந்த இடத்தில் உட்காருகிறவள். குரோம்பேட்டை தாண்டியதும் நான் அவள் பக்கம் குனிந்தேன். "சரண்யா, ஹேண்ட்பேகை மடியிலயே வச்சுக்கோம்மா. கதவுகிட்ட நிக்கறாங்க பாரு, நீலக் கைக்குட்டை, அவங்ககிட்ட ஜாக்கிரதையா இரு."

சரண்யா என்னைப் பார்க்கவில்லை, கதவையும் பார்க்கவில்லை. தன் வீங்கிய பாதங்களையே பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"மேடம், அது எங்க அம்மா."

வண்டி திரிசூலத்தில் நின்றது. விஜயா கழுத்திலிருந்த ஊக்கைச் சத்தமில்லாமல் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

சத்தியத்தில் இல்லாதது

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. அந்த அம்மாள் யாரையும் பார்ப்பதில்லை என்று கவனித்த நான், சரண்யாவும் ஒருவரை மட்டும் பார்ப்பதில்லை என்பதைக் கவனிக்கத் தவறியிருந்தேன். பாதிக் கோட்பாட்டை வைத்துக்கொண்டு போலீஸ் வேலை பார்த்திருக்கிறேன்.

மறுநாள் சரண்யா எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கதவோரத்தில் நிற்க, இவள் எங்கள் காதுக்கு மட்டும் எட்டுகிற குரலில் சொன்னாள்.

அவள் பிறந்த வீடு இரும்புலியூரில். பூர்வீகமாக விவசாயம். நிலமெல்லாம் மனையாகவும் கடையாகவும் மாறி, இப்போது வாடகையில் வசதியாக இருக்கிறவர்கள். சரண்யா கல்யாணம் செய்துகொண்டது கூடப் படித்த தினேஷை. கேளம்பாக்கம் தாண்டிக் கடற்கரையோரம் மீனவக் குப்பம் அவன் ஊர். அவன் அம்மா மீன் விற்கிறவர். சரண்யாவின் அப்பாவுக்கு அது ஆகவில்லை. மனைவியின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்து, "அவகிட்ட பேச மாட்டேன், அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சத்தியம் வாங்கிவிட்டார்.

"பேசக்கூடாதுன்னுதானே சத்தியம்? ட்ரெயின்ல வரக்கூடாதுன்னு அப்பா சொல்லலையே மேடம். நான் முழுகாம இருக்கேன்னு யார் மூலமாவோ தெரிஞ்சிருக்கு. அஞ்சாம் மாசத்துல ஒருநாள் ஏறினேன், அம்மா இந்த ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருந்தாங்க. என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டாங்க. சீசன் டிக்கெட் எடுத்திருக்காங்க மேடம். நான் நுங்கம்பாக்கத்துல இறங்கினா அவங்களும் இறங்கி, நான் படி ஏறி முடிக்கிற வரைக்கும் கீழேயே நிப்பாங்க. அப்புறம் அடுத்த வண்டியில வீட்டுக்குப் போயிடுவாங்க."

"நீயாவது பேசினா இன்னாம்மா?" என்றார் விஜயா.

"பயம்க்கா. நான் ஒரு வார்த்தை பேசி, அம்மா தாங்காம பதில் சொல்லிட்டாங்கன்னா? சத்தியத்தை மீறிட்டோமேன்னு மறுநாள்லேர்ந்து வராமப் போயிட்டாங்கன்னா? இப்ப தினமும் பார்க்கவாவது முடியுது." பார்க்கவே பார்க்காத அவள் அப்படித்தான் சொன்னாள்.

மாமியார் வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஏழாம் மாதத்தில் குப்பமே கூடி வளைகாப்பு நடத்தியிருக்கிறது. "மாமியார் அவ்வளவு ஆசையா போட்டாங்க. ஆனாலும் அம்மா கையால ரெண்டு வளையல் போட்டுக்கணும்னு இருக்கு மேடம். வேற ஒண்ணும் வேணாம்."

விஜயா மூக்கை உறிஞ்சினார். "இதுக்கா பேஜாராவுற? நம்ம பொட்டியிலயே போட்டுருவோம்!"

நிலைவாசல்

வளைகாப்பு, கல்யாணம் போன்ற சடங்குகளைப் பற்றியும் எங்களிடம் கோட்பாடு உண்டு. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகிற மனிதர், நடுவில் கொஞ்ச நேரம் இரண்டிலும் சேராமல் வாசற்படியில் நிற்பதுபோல நிற்கிறார். அந்த நேரத்தில் வழக்கமான விதிகள் தளர்ந்துவிடும். யார் பெரியவர், யார் எந்தத் தெரு என்பதெல்லாம் சற்று ஒதுங்கி நிற்கும்.

யோசித்துப் பார்த்தேன். பிறந்த வீட்டில் வளைகாப்பு நடக்காது. புகுந்த வீட்டு வாசலை அம்மா மிதிக்க முடியாது. ஓடுகிற ரயில் யார் வீடும் இல்லை. சத்தியத்துக்கு அங்கே பிடிமானம் குறைவு. இதை வீட்டில் சொன்னபோது என் கணவர், "வளைகாப்புக்கு எல்லாரும் நல்ல நேரம் பார்ப்பாங்க. நீ நல்ல தியரி பார்க்கறே" என்றார். ஆனால் தேங்காய்ச் சாதத்துக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தது அவர்தான்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தோம். வாரம் முழுக்கப் பெட்டியே சத்தமாகத் திட்டம் போட்டது. யார் புளிச்சாதம், யார் சந்தனம், யார் வளையல் எல்லாம் பேசியாயிற்று. கதவோரத்தில் அந்த அம்மாள் வெளியே ஓடும் கம்பங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வருவாரா என்பதே எங்களுக்குச் சந்தேகமாக இருந்தது. சரண்யா அந்த வாரம் சரியாகச் சாப்பிடவே இல்லை.

வந்தார். எப்போதும்போல எழுந்தார், இடத்தைத் துடைத்தார், கதவுக்குப் போனார்.

குரோம்பேட்டை தாண்டியதும் ஆரம்பித்தோம். குங்குமம் வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, தலையில் பூ வைத்தோம். விஜயா தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய கண்ணாடி வளையல்களை எடுத்தார். அளவெல்லாம் சரண்யாவிடமே கேட்டு வாங்கியது. ஆனால் வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. கை அவ்வளவு வீங்கியிருந்தது. அவள் சொன்னது பழைய அளவு. விஜயா அமுக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். வளையல் ஒன்று பட்டென்று உடைந்தது.

நல்ல காரியத்தில் வளையல் உடைந்தால் பெண்கள் முகம் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. சரண்யாவின் உதடு துடித்தது. நான் கதவைப் பார்த்தேன். அந்த அம்மாள் முதல்முறையாகத் திரும்பி, நேராக மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து அவரிடம் போனேன். 'வாங்கம்மா, உங்க பொண்ணுக்கு வளையல் போடுங்க' என்று சொன்னால் எல்லாம் கெட்டுவிடும் என்பது எனக்குப் புரிந்திருந்தது. அந்நியராக வந்தவரை அந்நியராகவே கூப்பிட வேண்டும்.

"அம்மா, நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு யாருன்னு உங்களுக்கும் தெரிய வேணாம். இந்தப் பெட்டியில வர்றவங்க எல்லாரும் ஆளுக்கு ரெண்டு வளையல் போட்டாகணும். இங்க அதுதான் வழக்கம்" என்றேன். அந்த நிமிஷம் வரை அப்படி ஒரு வழக்கம் கிடையாது.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு சரண்யாவிடம் போய், மஞ்சள் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே வேப்பங்கொழுந்தை ஈர்க்கோடு வளைத்துக் கட்டிய காப்பு. அதன் கீழே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள். எங்களுடையதைவிடப் பெரிய அளவு.

வேப்பிலைக் காப்பை முதலில் போட்டார். பிறகு ஒவ்வொன்றாக வளையல். ஒன்றுகூடத் தட்டவில்லை. இத்தனை மாதம் மகள் பக்கமே திரும்பாத அந்த அம்மாளுக்கு, அவள் கை எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பது சரியாகத் தெரிந்திருந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. யாருக்குத்தான் வரவில்லை.

இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி வளையல் ஏறியதும் சரண்யா தலையைத் திருப்பி விஜயாவைப் பார்த்தாள். "அக்கா, இவங்க காலையில சாப்பிட்டாங்களான்னு கேளுங்க."

விஜயா கெட்டிக்காரர். "யம்மா, நாஸ்தா துன்னியா?" என்றார்.

அந்த அம்மாளும் விஜயாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "துன்னேன்னு சொல்லும்மா. ராத்திரில தூக்கம் வருதான்னு கேளு. கால் ஏன் இப்படி வீங்கிக் கீது, டாக்டராண்ட காட்டினாங்களான்னு கேளு."

நுங்கம்பாக்கம் வரும்வரை விஜயாவின் தலை டேபிள் ஃபேன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு சரண்யா லீவில் போகும்வரை அதே ஏற்பாடுதான். ஜன்னலோரம் மகள், அந்தப் பக்கம் அம்மா, நடுவில் விஜயா. சத்தியம் பத்திரமாக இருந்தது.

புது சீசன்

சரண்யா பிரசவ லீவில் போன பிறகு வந்த திங்கட்கிழமை. பெட்டியில் ஏறினால் ஜன்னலோரத்தில் அந்த அம்மாள் உட்கார்ந்திருக்கிறார்.

எதிரே உட்கார்ந்து, "அம்மா, சரண்யா லீவாச்சே, தெரியாதா?" என்றேன்.

"தெரியும் மேடம். விஜயாவாண்ட கேட்டா அவ எப்படிக் கீறான்னு சொல்லும், அதான் வந்தேன்." கொஞ்சம் தயங்கினார். பிறகு மஞ்சள் பையிலிருந்து சீசன் டிக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். புத்தம் புதிது. மூன்று மாதத்துக்கு எடுத்திருந்தது.

"போன வாரம் பழசு முடியறாப்புல இருந்துது. பையில தேடுறேன், போட்டோ அட்டையோட காணோம். வூடு பூரா தேடிட்டேன். மறுநாள் காலையில வெளக்கேத்தப் போறேன், சாமி படத்தாண்ட இது கீது. வூட்ல நானும் அவரும்தான் மேடம். வேற யாரு எடுத்தாந்து வெப்பாங்க?"

"நீங்க எங்க போறீங்கன்னு கேட்டாரா?"

"ஒண்ணும் கேக்கல. பேப்பர் படிச்சிகினு இருந்தாரு. நான் டிக்கெட்ட எடுத்துக்கினு கெளம்புற வரிக்கும் பேப்பர எறக்கவே இல்ல."

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை நீலக் கைக்குட்டையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வண்டி கிளம்பியது. அவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருதரம் நிதானமாகப் பார்த்தார். செருப்பையும் பார்த்தார்.

"அது கெடக்கட்டும். நீங்க எங்க எறங்குவீங்க மேடம்? இன்னா சம்பளம் தர்றாங்க?"

பல்லாவரம் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன்.